ஓசூருக்கு வந்த ஓதம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், இயற்கை முறையில பண்றதுக்கு எந்த மண்ணு சார் பெஸ்ட்டு?" கேட்கும்போதே பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். மண் என்ன சோப்புக்கட்டியா, விளம்பரம் பார்த்து வாங்குவதற்கு? ஆனால் கோபப்பட எனக்கு அருகதை கிடையாது. கடற்கரையிலிருந்து பன்னிரண்டு லாரி சதுப்பு மண்ணை ஓசூருக்கு ஏற்றி வரச் செய்தவனே நான்தான். அதைச் சொல்கிறேன், பேனாவை மூடிவிட்டுக் கேளுங்கள்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு இருக்கும். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கழிவுநீர்ப் பிரிவுக்கு நான் பொறுப்பு. எண்ணெய், அமிலம் கலந்த தண்ணீருக்குத் தனி வழி இருந்தது, அது இந்தக் கதையில் வராது. கேன்டீன் தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும்தான் என் கைக்கு வரும். அதற்காகப் பின்பக்கம் ஒரு படுகை அமைத்திருந்தோம். கீழே சரளைக்கல், மேலே உள்ளூர்ச் செம்மண், அதில் கல்வாழையும் கோரையும். ஒரு முனையில் கறுப்பாக நுழையும் தண்ணீர் வேர்களுக்கு நடுவே ஊர்ந்து போய் மறுமுனையில் தெளிவாக வெளியே வரும். வேரைச் சுற்றியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். நாம் செய்ய வேண்டியது, பெரும்பாலும், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது. சும்மா நிற்பதற்கு ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று இந்தத் தொழிலுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

வெளியே வரும் தண்ணீர் முதலில் ஒரு கண்ணாடித் தொட்டியில் விழும். அதில் கிருஷ்ணகிரி அணைப் பக்கத்திலிருந்து வாங்கி வந்த கெண்டை மீன்கள் நீந்தும். விருந்தாளிகள் வந்தால் மேலாளர் நேரே அங்கே அழைத்துப் போய், "மீனே உயிரோட இருக்குது பாருங்க" என்பார். எல்லாத் தொழிற்சாலையிலும் இந்த வழக்கம் உண்டு. தொட்டியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாகச் சுற்றுச்சுவரைத் தாண்டி நாராயணம்மாவின் தோட்டத்துக்குப் போகும்.

நாராயணம்மா பக்கத்து நிலத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவருடைய ஆழ்துளைக் கிணறு வற்றிப்போன பிறகு எங்கள் தண்ணீரை நம்பித்தான் அரை ஏக்கரில் ரோஜா வைத்திருந்தார். மூன்று வருஷமாக நன்றாகவே பூத்தது. உத்தனப்பள்ளி ரோட்டில் போகிற பஸ்களின் கண்ணாடிக்கு மேல் தொங்கும் மாலைகளில் பாதி அவர் தோட்டத்துப் பூதான் என்று பெருமையாகச் சொல்வார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் டைரக்டர் ஒரு கருத்தரங்குக்காகக் கடற்கரைப் பக்கம் போய் வந்தார். அங்கே ஒரு சதுப்பு நிலத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஊர்ச் சாக்கடை ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் தெளிந்து கடலில் சேர்கிறது. மனிதர் அப்படியே சொக்கிப் போய்த் திரும்பினார். மறுநாள் கூட்டத்தில் நாற்பது பேர் நடுவில் என்னைத் தேடினார்.

"நீங்க வேதாரண்யம்தானே?"

எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்குச் சொந்தப் பெயர் கிடையாது. திண்டுக்கல்லார், பட்டுக்கோட்டை, சிங்காரப்பேட்டை என்று ஊர்தான் பெயர். நான் வேதாரண்யம்.

"ஆமா சார்."

"அப்ப அந்த மண்ணைப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியும். அதை இங்க கொண்டு வரோம். இனிமே நீங்கதான் நம்ம சதுப்பு ஆலோசகர்."

இருபது வருஷச் சர்வீஸில் என்னை யாரும் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாயங்காலத்துக்குள் எனக்குத் தனி அறை, கதவில் 'சதுப்பு ஆலோசகர்' என்று பலகை, உள்ளே சுழல் நாற்காலி. உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், வெட்கமாகத்தான் இருந்தது, இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

அந்த மண்ணில் உப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு எங்கள் பக்கத்து வயல்கள் என்ன ஆயின என்று கண்ணால் பார்த்தவன். என் அண்ணன் வயலில் இரண்டு போகம் ஒரு நாற்றுக்கூட நிற்கவில்லை. அத்தனையும் தெரிந்தும் அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இருந்தேன். சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தபோதே என் மச்சான் ஒருவரின் பட்டா நிலத்திலிருந்து மண் ஏற்றியாகிவிட்டது.

கிருஷ்ணகிரி வரும்போது ஆற்று மணல் கடத்தல் என்று லாரிகளை மடக்கினார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூடுய்யா, மூடுய்யா! இதைக் கொண்டு போறதுக்கும் ஒருத்தன் இருக்கானா?" என்று உடனே அனுப்பிவிட்டாராம். முதல் லாரி எங்கள் கேட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு அந்த வாசனை வந்தது, பிறந்த ஊர் வாசனை.

நன்றாக வேலை செய்துகொண்டிருந்த செம்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சதுப்பு மண்ணை நிரப்பினோம். கல்வாழை இரண்டு வாரத்தில் கருகியது. "சதுப்புல கல்வாழை எதுக்கு? இயற்கை தானா ஏதாச்சும் முளைக்க வைக்கும்" என்றார் டைரக்டர். முதலில் வெளியே வந்தது நண்டு.

ஒரு கொடுக்கை மட்டும் தன் உடம்பளவுக்கு நீட்டுகிற சின்னச் சேற்று நண்டுகள். மண்ணோடு வந்தவை, படுகை பிடிக்காமல் தொழிற்சாலைக்குள் கிளம்பிவிட்டன. எங்கள் செக்யூரிட்டி அஞ்செட்டிக்காரர். யானையை எதிரில் பார்த்தவர் என்று பேர். அவர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், எங்க ஊரு ஆத்துல நண்டு கீது சார், நான் புடிச்சித் தின்னவன்தான். இது என்னா சார், ஒரு கை மட்டும் இவ்ளோ பெருசு? நம்ம கம்பெனித் தண்ணியக் குடிச்சி இப்படி ஆயிருச்சா?"

"இல்லய்யா, அது பொறப்பே அப்படித்தான்."

"பொறப்போ என்னவோ, கேட்டுல எழுதாம உள்ள விட்டா எனக்கு மெமோ குடுப்பாங்க சார்." நோட்டில் எழுதியும் வைத்தார்: நண்டு, ஒரு கை பெரிது, அடையாள அட்டை இல்லை, யாரைப் பார்க்க வந்தது என்று சொல்லவில்லை. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் தட்டில் கிடந்த பேரிங்குகளுக்கு நடுவே ஒன்று உட்கார்ந்திருந்தது. அங்கே தட்டில் இருக்கக் கூடாதது எதுவாக இருந்தாலும் சிவப்பு அட்டை கட்ட வேண்டும் என்பது விதி. கட்டிவிட்டார்கள். அது அட்டையை இழுத்துக்கொண்டே கேன்டீன் வரை போனது.

நண்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். படுகையில் தண்ணீர் இறங்காமல் தேங்க ஆரம்பித்தது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "அங்க கடற்கரையில எப்படி இறங்குது?" என்றார்.

"அங்க ஓதம் இருக்குது சார். கடல் தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கும்."

இந்த இடத்திலாவது, இங்கே கடல் இல்லை சார், அந்த மண் இங்கே ஆகாது என்று சொல்லி முடித்திருக்க வேண்டும். அதற்குள் அவர் மெயின்டனன்ஸ் ஆளிடம் திரும்பிவிட்டார். "ஒரு பெரிய பம்ப், ஒரு டைமர். ரெண்டு ஓதம். முடியுமா?"

முடிந்தது. மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூருக்குக் கடல் ஓதம் வந்தது. காலை ஷிப்டுக்கு ஒன்று, மாலை ஷிப்டுக்கு ஒன்று. பம்ப் படுகையை முங்க வைக்கும், பிறகு வால்வு திறந்து மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் வடியும். அதற்கு ஒரு பதிவேடு: 'ஓதம் ஏறியது', 'ஓதம் இறங்கியது', கையெழுத்து. ஞாயிறு வார விடுமுறை, ஓதம் கிடையாது. அமாவாசைக்கு அதிகம் ஏற்ற வேண்டுமா என்று ஒருவர் எழுத்துமூலம் கேட்டார். அமாவாசையில் கூடுதல் ஓதம் ஓட்டினால் ஓவர்டைம் உண்டா என்று யூனியன் கேட்டது. நான் ஆலோசகர் அல்லவா, இரண்டுக்கும் பதில் எழுதினேன்.

இதில் விளையாட்டு இல்லாத ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஓதமும் அந்த மண்ணைப் பிழிந்து, உப்பை எடுத்து, நேரே நாராயணம்மாவின் ரோஜாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

கண்ணாடித் தொட்டியில் கெண்டைகள் ஒரே நாளில் செத்து மிதந்தன. மேலாளர் பதறிப்போய் ஓடி வந்தார். பதற்றம் மீனுக்காக இல்லை. ஒரு மாதத்தில் ஓதத் திட்டத்துக்குத் தொடக்க விழா, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்.

"என்னங்க இது? வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது?"

"தண்ணி சரியில்லை சார்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"ரிப்போர்ட்டு எல்லாம் சுத்தமா இருக்குதே!"

இருந்தது உண்மை. அழுக்கு, நாற்றம், கலங்கல் எல்லாவற்றுக்கும் எங்கள் படிவத்தில் கட்டம் இருந்தது, உப்புக்கு இல்லை. எங்கள் தண்ணீரில் அதுவரை உப்பு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை, யாரும் கட்டம் போடவில்லை.

"மீனுதான் சரியில்லை," என்று முடிவு செய்தார் மேலாளர். "உங்க ஊர்ல இந்த மண்ணுல வாழுற மீனு இருக்கும்ல? அதைக் கொண்டாங்க."

தம்பிகளா, தங்கைகளா, கவனமாகக் கேளுங்கள். நான் போனேன். வேதாரண்யம் போய், கழிமுகத்தில் துள்ளும் மடவைக் குஞ்சுகளை ஆக்சிஜன் நிரப்பிய பையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துக் கொண்டு வந்தேன். தொட்டியில் விட்டதும் ஆனந்தமாக நீந்தின. தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்று சொன்ன சாட்சி செத்தது, நல்லாயிருக்கிறது என்று சொல்லும் சாட்சியை நானே ஊரிலிருந்து அழைத்து வந்தேன். என் வேலைக்காலத்தில் இதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அடுத்த வாரம் அதையும் செய்தேன்.

நாராயணம்மா ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். இலையின் ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாக இருந்தது.

"ஏமி சார் இது? உங்க தண்ணி விட்டுத்தான் மூணு வருசமா வளந்துச்சு. இப்ப பாருங்க, அடுப்புல காட்டின மாதிரி கீது."

நான் நாற்காலியில் இருந்தேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் அண்ணன் வயலில் பார்த்த அதே தீய்ச்சல். "செம்பேன் பூச்சி மாதிரி தெரியுதும்மா. மருந்து அடிச்சுப் பாருங்க," என்றேன்.

அந்த அம்மாள் என்னை நம்பினார். போய் மருந்து வாங்கி அடித்தார், மூன்று முறை.

விழா நாள் வந்தது. படுகை ஓரமாகப் பந்தல், நாற்காலிகள், வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பேர், கழுத்தில் எல்லாம் மாலை. காலை ஓதத்தை விழாவுக்காக ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். டைரக்டர் பொத்தானை அழுத்தியதும் ஓதம் ஏறியது, கைதட்டினார்கள். பிறகு மீன்தொட்டியைக் காட்டினார்கள், மடவைகளும் துள்ளிக் காட்டின. அடுத்து, 'பயன்பெறும் விவசாயி'க்குப் பொன்னாடை. நாராயணம்மாவை மேடைக்கு அழைத்துப் போர்த்தி, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

அவருக்கு மைக் கூச்சமெல்லாம் இல்லை. "தொட்டில மீனைக் காட்டினாங்க. மீனு நல்லா கீது, ரொம்ப சந்தோசம். ஆனா சார், நான் தோட்டத்துல ரோஜாதான் நட்டிருக்கேன், மீனு நடலையே. என் செடி பாதி செத்துருச்சு. மிச்சமும் போயிரும். மருந்து அடிக்கச் சொன்னாரு இந்த சாரு, அடிச்சேன். தண்ணில ஏதோ கீது. என்னான்னு யாராச்சும் சொல்லுங்க."

மொழிபெயர்க்க வேண்டியவர் வெளிநாட்டுக்காரர்களிடம் ஏதோ சொன்னார், அவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். டைரக்டர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவர் சமாளிக்கத் தெரிந்த மனிதர். மைக்கை வாங்கி, "நம்ம ஆலோசகரே இருக்காரே. அந்த மண்ணுலயே பொறந்தவர். வேதாரண்யம், வாங்க. தண்ணில ஒண்ணும் இல்லைன்னு அம்மாவுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க" என்றார்.

மேடைக்குப் போக ஏழெட்டு அடிதான். அந்தத் தூரத்துக்குள் எத்தனையோ யோசித்தேன். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வேலை போய்விட்டால் இந்த வயதில் யார் எடுப்பார்கள்? தொழில்நுட்ப வார்த்தைகளாக நாலு அடுக்கி விட்டால் அந்த அம்மாள் வாயடைத்துப் போவார், அதுவும் எனக்கு நன்றாக வரும். மைக் கைக்கு வந்தது. நாராயணம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுகூட அதில் சந்தேகம் இல்லை, நான் சொல்வதை நம்பத் தயாராக நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மைக்கை டைரக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே தொட்டிக்குப் போனேன். கையால் ஒரு வாய் தண்ணீர் அள்ளி, நாக்கில் வைத்து, துப்பினேன். "உப்பு!" என்று கத்தினேன். "சார், இது உப்புத் தண்ணி. மண்ணுலேர்ந்து வருது. அழுக்கை மண்ணு தின்னும் சார், உப்பை எந்த மண்ணும் தின்னாது. செடி அதுலதான் சாவுது."

உப்பு என்று நான் சொன்னதைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அதிர்ந்தது வேறு விஷயத்துக்கு. பாதுகாப்பு அதிகாரி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழிப்பறைத் தண்ணிங்க அது! வாயில வெச்சிட்டீங்களே!" பந்தலுக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து, வாய் கொப்பளிக்க வைத்து, ஊசி போட்டு, விபத்துப் படிவத்தை நீட்டினார்கள். உட்கொண்ட அளவு என்று ஒரு கட்டம், உட்கொள்ள யாராவது வற்புறுத்தினார்களா என்று ஒரு கட்டம். சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று முலாம் பூசும் பிரிவிலிருந்து யாரோ உப்பு அளக்கும் கருவியைக் கொண்டு வந்து தொட்டியில் விட்டார்கள். முள் ஓடிப்போய் மறுகோடியில் முட்டி நின்றது. கருவி பழுது என்று இன்னொன்று கொண்டு வந்தார்கள். அதுவும் முட்டி நின்றது.

நான் எழுந்து போய் தோட்டத்துக் குழாயின் வால்வை மூடினேன். யாரிடமும் கேட்கவில்லை. டைரக்டர் என் பக்கம் வந்து, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, "உப்பு இல்லாத கடற்கரை மண்ணு எங்கயாவது கிடைக்குமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது, கேட்டார். எனக்குத் தெரியும், நான்தான் சொல்லவில்லை.

வேலை போகவில்லை. பலகையைக் கழற்றினார்கள், நாற்காலி ஸ்டோருக்குப் போனது. சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, மூலையில் குவித்திருந்த பழைய செம்மண்ணைத் திரும்பக் கொட்டினோம். அது வேலை செய்யச் சில மாதங்கள் பிடித்தன. நாராயணம்மாவுக்குக் கம்பெனி நல்ல தண்ணீர் லாரியில் அனுப்பியது, நஷ்டஈடும் கொடுத்தது. அவர்கள் பங்கு அத்தோடு முடிந்தது. உங்களிடம் யாராவது வந்து ஒரு மண்ணையோ செடியையோ மந்திரம் மாதிரிப் புகழ்ந்தால், அது எந்த ஊரில், எந்தத் தண்ணீரில், எதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தது என்று கேளுங்கள். உங்களுக்கே பதில் தெரிந்திருந்தால் அன்றைக்கே, அந்தக் கூட்டத்திலேயே, நாற்பது பேர் முன்னால் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அதைச் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடும்.

விழாவுக்கு மறுநாள் லீவு போட்டுவிட்டு நாராயணம்மாவின் தோட்டத்துக்குப் போனேன். செத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு, நிலத்துக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிய விட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் உப்பு இறங்கும், எங்கள் ஊரில் அப்படித்தான் மீட்டோம் என்று சொல்லத்தான் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

நேற்று மேடையில் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். மீன் செத்தபோது தெரிந்தது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"மொத லாரி வர்றதுக்கு முன்னாடியேம்மா."

"அப்ப நான் இலையக் கொண்டாந்தப்ப?"

"தெரியும்மா."

அவர் திட்டவில்லை. திட்டுவார் என்று தயாராகப் போயிருந்த எனக்கு அது பெரிய அடியாக இருந்தது. அவர் கொட்டகைக்குப் போய் ஒரு கடப்பாரையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"பூ வெச்ச செடிய என் கையால புடுங்க எனக்கு மனசு வரல. நீங்களே புடுங்குங்க."

காலையிலிருந்து பிடுங்கினேன். முள் கிழித்து இரண்டு கையும் ரத்தமாயிற்று. சில செடிகளில் ஒரு மொட்டு பாதி விரிந்து நின்றது, அதையும் பிடுங்கினேன். அவர் வரப்பில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார், நடுவில் களியும் மோரும் கொண்டு வந்து வைத்தார். வெயில் தாழ்ந்ததும் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"இன்னும் மூணு வரிசை கீது," என்றார் நாராயணம்மா. "நாளைக்கும் லீவு போட்டுட்டு வாங்க."

போட்டேன்.